கோ டாங்கில் விடுபட்ட மூவர்: எண்ணிக்கை எங்கே தவறியது?

மே 15, 2023, இரவு 10.20

இன்று ஜோசஃப் ஹார்க்ரோவின் பிறந்தநாள். 1975இல் இதே தேதியில் அவருக்கு 24 வயது நிறைந்தது. அன்று இரவு எட்டு மணி சுமாருக்கு கம்போடியக் கடலில் இருக்கும் கோ டாங் தீவின் மேற்குக் கரையிலிருந்து கடைசி ஹெலிகாப்டர் கிளம்பியது. அதில் அவர் இல்லை. அவரோடு இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இருந்த கேரி ஹாலும் டேனி மார்ஷலும் இல்லை. மூன்று பேரும் கரையிறங்கிப் போரிடும் அமெரிக்க மரைன் படையினர். ஹாலும் மார்ஷலும் இருபதைத் தொடாதவர்கள். இதை எழுதும் நாள்வரை மூவரில் ஒருவரின் உடலும் அடையாளம் காணப்பட்டு வீடு வந்து சேரவில்லை.

என் கேள்வி இதுதான். அந்தத் தீவில் இறங்கியது இருநூற்றுச் சொச்சம் பேர். ஒரு பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் அளவு. மூன்று பேர் குறைவது ஏறும்போது தெரியாமல் போனது எப்படி?

மே 15, இரவு 11.05

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1975 ஏப்ரல் 17இல் கெமர் ரூஜ் என்ற கம்போடியக் கம்யூனிஸ்ட் படை தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தது. ஏப்ரல் 30இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தது. வியட்நாம் போர் முடிந்துவிட்டது என்று உலகமே நினைத்தது. மே 12ஆம் தேதி ஹாங்காங்கிலிருந்து தாய்லாந்தின் சத்தஹீப் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த மயாகெஸ் என்ற அமெரிக்கக் கன்டெய்னர் கப்பலை, பூலோ வாய் தீவுக்கு அருகே கெமர் ரூஜ் படகுகள் மடக்கின. கேப்டன் சார்லஸ் மில்லரும் அவருடைய சிப்பந்திகளும் சிறைபட்டார்கள். மூன்றே நாளில், 15ஆம் தேதி விடியலில், அமெரிக்கா கோ டாங்கின்மேல் மரைன்களை இறக்கியது. சிப்பந்திகள் அந்தத் தீவில் இருப்பதாக நினைத்தார்கள். அவர்கள் அங்கே இல்லை.

இந்தக் கதையில் எனக்கென்ன அக்கறை என்று கேட்பீர்கள். நான் பத்தொன்பது வருடம் கப்பலில் எஞ்சினியராக இருந்தவன். சிஹானுக்வில் துறைமுகத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். அந்த ஊருக்குப் பழைய பெயர் கொம்போங் சோம். கோ டாங் அங்கிருந்து தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர். முதல் தடவை போனபோது இந்தக் கதை எனக்குத் தெரியாது. பிரிட்ஜில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த செகண்ட் ஆபீசர்தான் பென்சிலால் தீவைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்.

மே 16, காலை 6.30

ராத்திரி எழுதியதில் ஒரு திருத்தம். 'கோ டாங் தீவு' என்று எழுதியிருந்தேன். கெமர் மொழியில் 'கோ' என்றாலே தீவுதான். இனி வெறும் கோ டாங்.

மே 16, மதியம் 1.15

"மரைன்கள் தாக்கியதால்தானே கப்பல்காரர்கள் விடுதலை ஆனார்கள், அப்படியானால் அந்த மூன்று பேரின் சாவுக்கு ஒரு பயன் இருந்தது இல்லையா" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நேர வரிசையைப் பாருங்கள். கெமர் ரூஜின் தகவல் அமைச்சர் ஹூ நிம், கப்பலை விட்டுவிடுவதாக 15ஆம் தேதி காலை ஆறு மணிவாக்கில் வானொலியில் அறிவித்தார். அதே நேரத்தில்தான் ஹெலிகாப்டர்கள் கோ டாங்கை நெருங்கிக்கொண்டிருந்தன. சிப்பந்திகள் இருந்தது வேறொரு தீவில், கோ ரோங் சன்லோமில். அங்கிருந்து ஒரு தாய்லாந்து மீன்பிடிப் படகில் ஏற்றி அனுப்பினார்கள். காலை பத்து மணி அளவில் ஹென்றி பி. வில்சன் என்ற போர்க்கப்பல் அவர்களைப் பத்திரமாக ஏற்றிக்கொண்டது.

அதாவது யாருக்காகப் போனார்களோ அவர்கள் காலை பத்து மணிக்கே காப்பாற்றப்பட்டாயிற்று. அதற்கப்புறம் பத்து மணி நேரம் தீவில் நடந்தது, போனவர்கள் திரும்பி வருவதற்கான சண்டை மட்டும்தான். ஹார்க்ரோவும் ஹாலும் மார்ஷலும் தவறிப்போனது அந்தப் பத்து மணி நேரத்தின் கடைசியில்.

பயன் இருந்ததா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அதைக் கேட்கும் உரிமை அந்த மூன்று வீட்டாருக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

மே 16, இரவு 9.50

தீவில் என்ன நடந்தது என்று கொஞ்சம் விரிவாக.

போன படை 9ஆவது மரைன் ரெஜிமென்ட்டின் 2ஆவது பட்டாலியன். ஒகினாவாவில் பயிற்சியில் இருந்தவர்களைத் திடீரென்று கூப்பிட்டுத் தாய்லாந்தின் உட்டபாவ் விமானத் தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். பலர் அடிப்படைப் பயிற்சி முடித்து வந்த புதுப் பையன்கள். தீவில் இருபது முப்பது கெமர் ரூஜ்காரர்கள் இருப்பார்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. இருந்தது நூறு பேர் அளவில், நல்ல ஆயுதங்களோடு, பதுங்குகுழிகளோடு. அந்தக் குழிகள் அமெரிக்கர்களுக்காகத் தோண்டியவை அல்ல. அந்தத் தீவுகளுக்காக வியட்நாமோடு தகராறு இருந்தது, வியட்நாம் வரும் என்று காத்திருந்தார்கள். ராணுவ உளவுத்துறையிடம் இதைவிடச் சரியான கணக்கு இருந்திருக்கிறது. அது இறங்கப் போகிறவர்களின் கைக்கு வந்து சேரவில்லை.

விடிந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று ஹெலிகாப்டர்கள் விழுந்தன. கிழக்குக் கரைக்கு வந்த ஒன்று தீப்பிடித்துக் கடலில் விழுந்ததில் மட்டும் 13 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் நீந்தி நடுக்கடலுக்குப் போய் வில்சன் கப்பலில் ஏறினார்கள். தீவில் இறங்கியவர்கள் மூன்று துண்டாகப் பிரிந்துபோனார்கள். சிப்பந்திகள் கிடைத்த செய்தி வந்ததும் மேலிடம் சண்டையை நிறுத்தச் சொன்னது. உதவிக்கு வந்துகொண்டிருந்த இரண்டாவது அணி பாதி வழியில் திருப்பப்பட்டது. கரையில் இருந்த தளபதி ராண்டல் ஆஸ்டின், ஆள் வராவிட்டால் இருப்பவர்களை வெளியே எடுக்கவே முடியாது என்று வற்புறுத்தி, அந்த அணியைத் திரும்ப வரவழைத்தார்.

முதல் எண்ணிக்கைக் குழப்பம் இங்கே ஆரம்பிக்கிறது. காலையில் புறப்பட்டவர்களில் சிலர் தீவிலேயே இறங்க முடியாமல் சேதமான ஹெலிகாப்டரில் தாய்லாந்துக்குத் திரும்பிவிட்டார்கள். சிலர் கடலில், சிலர் வில்சனில், சிலர் கிழக்குக் கரையில் மாட்டிக்கொண்டு. ஒரே படைப்பிரிவின் ஆட்கள் ஐந்து இடத்தில். யார் தீவில் இருக்கிறார் என்பதற்கு நம்பத்தக்க ஒரு பட்டியல் அந்தப் பகல் முழுக்க யார் கையிலும் இருந்திருக்க வழியில்லை.

மே 17, அதிகாலை 4.40

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். 'பட்டியல் இருந்திருக்க வழியில்லை' என்று எழுதிவிட்டால் எல்லாரையும் மன்னித்தது போல ஆகிவிடுகிறது. நான் அதற்குத் தயாரில்லை.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் ஃபோர்த் எஞ்சினியராக இருந்த ஒரு கப்பலில் தீயணைப்புப் பயிற்சி. அலாரம் அடித்ததும் எல்லாரும் மஸ்டர் ஸ்டேஷனில் கூட வேண்டும். எஞ்சின் அறையில் தீ என்றால் கடைசி ஆயுதம் கார்பன் டை ஆக்சைடு. கதவுகளை அடைத்து வாயுவைத் திறந்துவிட்டால் தீ அணையும். உள்ளே ஆள் இருந்தால் அவரும் சாவார். அதனால் தலை எண்ணாமல் வாயுவைத் திறக்கக் கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம்.

அன்று 22 பேர் இருக்க வேண்டும். எஞ்சின் அறை உதவியாளரான ஒரு ஆயிலரின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவர் ஏணியில் ஏறுவதை நான் பார்த்திருந்தேன். "மேலே வந்துட்டார் சார், பார்த்தேன்" என்று குரல் கொடுத்தேன். டிக் அடித்தார்கள். 22 சரியாகிவிட்டது. அவர் ஏணியில் ஏறியது உண்மை. எதையோ மறந்துவிட்டு மறுபடி கீழே இறங்கிப்போனதும் உண்மை. பயிற்சி முடிந்து நாங்கள் கலையும்போது எஞ்சின் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

அது நிஜத் தீயாக இருந்திருந்தால் என் வாயால் அவரைக் கொன்றிருப்பேன். பொய் சொன்னவன் இல்லை நான், பார்த்ததைத்தான் சொன்னேன். ஒருவரை இப்போது நேரில் பார்த்துச் சொல்வதும், கொஞ்சம் முன்னால் பார்த்ததை வைத்துச் சொல்வதும் ஒன்றில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கோ டாங்கிலும் இதுதான் நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் குழுவைப் பின்வாங்கச் சொன்னார்கள், சொன்னதால் வந்திருப்பார்கள், வந்திருப்பதால் ஏறியிருப்பார்கள்.

மே 17, மாலை 5.30

"சண்டைக் களத்தையும் தீப் பயிற்சியையும் ஒப்பிடலாமா அண்ணா" என்று கேட்ட தம்பிக்கு: நியாயமான கேள்வி. என்மேல் யாரும் சுடவில்லை, பட்டப்பகல், கையில் அச்சடித்த பட்டியல் வேறு. அப்படியும் தவறியது. அங்கே கும்மிருட்டு.

அந்த இருட்டில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே புரியும். மாலையில் பறக்கும் நிலையில் இருந்த ஹெலிகாப்டர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒன்று ஏற்றிக்கொண்டு கிளம்ப, மற்றது வரும்வரை கரையில் இருப்பவர்களின் வட்டம் சின்னதாகிக்கொண்டே வரும். ஆள் குறையக் குறைய ஆபத்து கூடும். அதனால் ஒரு விமானி தூரத்திலிருந்த கோரல் ஸீ என்ற விமானந்தாங்கிக்குப் போய்வந்தால் நேரமாகும் என்று, ஹெரால்ட் ஈ. ஹோல்ட் என்ற சிறிய போர்க்கப்பலின் பின்தளத்தில் இறக்கினார். அந்தத் தளம் அவ்வளவு பெரிய ஹெலிகாப்டருக்கானது அல்ல. முன் சக்கரங்களை மட்டும் வைத்து, மீதி உடம்பு கடலுக்குமேல் தொங்க, இருட்டில் மரைன்களை இறக்கிவிட்டுத் திரும்பினார். அந்தத் துணிச்சலால்தான் பல பேர் பிழைத்தார்கள். ஆனால் இறங்கியவர்கள் ஹோல்டிலும் கோரல் ஸீயிலுமாகப் பிரிந்தார்கள். கரையில் இல்லாத ஒருவர் ஏதோ ஒரு கப்பலில் இருப்பார் என்று நினைக்க எல்லாருக்கும் இடம் இருந்தது.

கடைசி ஹெலிகாப்டர் வந்தபோது விமானப்படையைச் சேர்ந்த மீட்பு வீரர் வெய்ன் ஃபிஸ்க் இறங்கிக் கரையில் யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று தேடினார். யாரும் கண்ணில் படவில்லை. கப்பல்களில் தலை எண்ணியபிறகுதான் மூன்று குறைவது தெரிந்தது.

மே 19, இரவு 8.00

மறுநாள் காலை, மே 16. வில்சன் கப்பல் கோ டாங்கின் கரையோரமாக மெதுவாகப் போய்வந்து ஒலிபெருக்கியில் அறிவித்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, கெமர். எங்களுக்குச் சண்டை போடும் எண்ணமில்லை, இறந்தவர்களின் உடல்களை எடுக்கவும் காணாமல் போனவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் அனுமதி தாருங்கள், சம்மதம் என்றால் சைகை காட்டுங்கள், ஆயுதமில்லாத படகு அனுப்புகிறோம் என்று. சுமார் மூன்று மணி நேரம். கரையில் அசைவே இல்லை. கப்பல் கிளம்பிப் போய்விட்டது.

அந்த மூன்று மணி நேரம் என்னை விடமாட்டேன் என்கிறது. அந்த ஒலிபெருக்கிச் சத்தத்தைப் புதருக்குள்ளிருந்து அவர்கள் கேட்டிருப்பார்களா? கேட்டும் வெளியே வர முடியாமல் கிடந்திருப்பார்களா?

மே 20, காலை 7.10

"உயிரோடு இருந்தார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

அந்தத் தீவில் கெமர் ரூஜ் தளபதியாக இருந்தவர் எம் சோன். பல வருடங்கள் கழித்து அமெரிக்கர்கள் விசாரித்தபோது, சண்டைக்குப் பிறகு ஒரு அமெரிக்கர் காயத்தோடு பிடிபட்டதாகவும், இன்னும் இருவர் சில நாள் கழித்து உணவு தேடி வந்தபோது சிக்கியதாகவும், மூவரும் கொல்லப்பட்டதாகவும் அவர் வழியாகத் தெரியவந்தது. பின்னால் அவர் சொன்னது வேறு வேறு விதமாக மாறியும் இருக்கிறது. நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: ஹெலிகாப்டர் கிளம்பியபோது மூன்று பேரும் இறந்துவிட்டிருந்தார்கள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1976இல் அமெரிக்க அரசு அவர்களை 'போரில் கொல்லப்பட்டவர், உடல் மீட்கப்படவில்லை' என்ற வகையில் சேர்த்துவிட்டது.

மே 20, காலை 7.25

இன்னொன்று. ஹார்க்ரோவின் அண்ணன் ஒருவரை 1968இலேயே வியட்நாம் போர் கொண்டுபோய்விட்டது. அதே தாய்க்கு ஏழு வருடம் கழித்து இரண்டாவது செய்தி. இந்தத் தடவை சவப்பெட்டியும் இல்லை.

மே 24, இரவு 11.40

நாலு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. அந்தச் சவப்பெட்டி வரிதான் காரணம்.

என் அம்மாவின் தம்பி மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவர். எனக்கு அப்போது ஆறு வயது. படகு உடைந்த பலகை கிடைத்தது, கூடப்போன ஒருவரின் உடல் கிடைத்தது, மாமா கிடைக்கவில்லை. பெட்டி இல்லாமல் கோயிலில் பூசை வைத்தார்கள். பாட்டி பூசைக்கு வரமாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவன் வந்து கதவைத் தட்டினா யாரு தொறப்பா" என்றாள். அதற்கப்புறம் இருபது வருடத்துக்குமேல் உயிரோடு இருந்தாள். ஒருநாளும் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. ராத்திரி நாய் வந்துவிடும் என்று அம்மா சண்டை போடுவாள். நாய் வந்தால் வரட்டும் என்பாள்.

உடல் கிடைப்பது வெறும் சடங்குக்காக என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இருக்கலாம். எங்கள் வீட்டில் அது கதவைச் சாத்துவதற்கான அனுமதி. அது எங்களுக்குக் கிடைக்கவே இல்லை.

மே 26, மாலை 6.15

சரி, தேடுதல் வேலைக்கு வருகிறேன், அதைத்தான் அதிகம் பேர் கேட்டிருந்தீர்கள்.

1995இல் அமெரிக்காவும் கம்போடியாவும் சேர்ந்து, கிழக்குக் கரைக்கு அருகே விழுந்த ஹெலிகாப்டரைக் கடலுக்கடியில் தோண்டினார்கள். இருபது வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த சின்னச் சின்ன எலும்புத் துண்டுகள் கிடைத்தன. அவை ஹவாயில் இருக்கும் ஆய்வகத்துக்குப் போயின. எலும்பிலிருந்து எடுப்பது பெரும்பாலும் தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. எலும்பின் ஒவ்வொரு செல்லிலும் அது பல பிரதிகளாக இருப்பதால் பழைய எலும்பிலும் தப்பிக் கிடைக்கும். அதை ஒப்பிட அம்மா, கூடப்பிறந்தவர்கள், அம்மாவின் கூடப்பிறந்தவர்கள், அக்கா தங்கைகளின் பிள்ளைகள் என்று தாய்வழி உறவில் யாராவது மாதிரி தர வேண்டும். அப்பா தந்து பயனில்லை. 2000ஆம் ஆண்டில் அந்த ஹெலிகாப்டரில் இறந்தவர்கள் பலர் அடையாளம் காணப்பட்டார்கள். துணை விமானி ரிச்சர்ட் வாண்டே கீர் அவர்களில் ஒருவர்.

தீவின் மேற்குப் பக்கத்திலும் பலமுறை தோண்டியிருக்கிறார்கள். ஹார்க்ரோவின் உறவினர்கள் வருடக்கணக்காக அதிகாரிகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஹெலிகாப்டர் விழுந்த இடம் தெரிந்தால் அதைச் சுற்றித் தோண்டலாம். தனியாக ஒளிந்து திரிந்த மூன்று பேருக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. அதுதான் வித்தியாசம்.

மே 27, காலை 9.00

ஒரு நண்பர் என் கணக்கைத் திருத்தியிருக்கிறார், நன்றி. தீவில் இறந்தவர்களையும் காணாமல் போனவர்களையும் சேர்த்து '18 மரைன்கள்' என்று ஒரு பதிலில் எழுதிவிட்டேன். 18 சரி, எல்லாரும் மரைன்கள் அல்ல. 14 மரைன்கள், அவர்களோடு போன கடற்படை மருத்துவ உதவியாளர்கள் 2 பேர், விமானப்படையினர் 2 பேர். தவிர, இந்த நடவடிக்கைக்காகக் கிளம்பிய ஹெலிகாப்டர் ஒன்று மே 13இல் தாய்லாந்திலேயே விழுந்து 23 விமானப்படையினர் இறந்தார்கள். மொத்தம் 41. எண்ணிக்கையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நானே ஒரு தலைக்கு இன்னொரு தொப்பியை மாட்டியது தப்பு, மன்னிக்கவும்.

அப்புறம் ஆஷ்டன் லோனியை நான் இதுவரை சொல்லவே இல்லை. அவரும் மரைன். மேற்குக் கரைச் சண்டையில் இறந்தார். அவர் உடலைக் கரையில் வைத்திருந்தார்கள். கடைசி நேர அவசரத்தில் அதுவும் அங்கேயே தங்கிவிட்டது. உடலை விட்டுவருவது மரைன்களுக்கு எவ்வளவு பெரிய வலி என்று அவர்களில் உயிரோடு வந்தவர்கள் பேசுவதைக் கேட்டால் தெரியும்.

ஜூன் 3, இரவு 9.30

"ஆக மொத்தம் யார்மேல் தப்பு?" ஒரே வரியில் சொல்லச் சொல்கிறீர்கள்.

முதலில் கரையில் இருந்த அதிகாரிகள்மேல்தான் எனக்குக் கோபம் இருந்தது. எழுத எழுத அது மாறிவிட்டது. இருட்டில், குண்டு பறக்கும்போது, ஒவ்வொரு ஹெலிகாப்டரிலும் யார் ஏறினார் என்று பெயர் குறிக்க முடியாது. ஆனால் மூன்று நாள் அவகாசத்தில், தப்பான ஆள் கணக்கோடு, பறக்கும் ஹெலிகாப்டர் எத்தனை மிஞ்சும் என்று யோசிக்காமல் அனுப்பியவர்கள் வாஷிங்டனில் வெளிச்சமான அறையில் இருந்தார்கள். அவர்களுக்கு அன்று இரவு வெற்றி. அதிபர் ஃபோர்டின் செல்வாக்கு அடுத்த கருத்துக் கணிப்பில் 11 புள்ளி ஏறியது. என் கோபம் இப்போது அங்கே இருக்கிறது. கரையில் நின்றவர்கள் மிச்ச வாழ்நாள் முழுக்க அந்த மூன்று பெயரைச் சுமந்தார்கள்.

ஜூன் 4, காலை 6.50

சிஹானுக்வில்லுக்கு இரண்டாவது தடவை போனபோது என்ன பார்த்தீர்கள் என்று கேட்டிருந்த அக்காவுக்கு. கரையில் இறங்கி நடந்தேன். ஸ்கூபா டைவிங் கடை ஒன்றின் பலகையில் கோ டாங் பெயர் இருந்தது. தண்ணீர் தெளிவாக இருக்குமாம், மீன் நிறைய இருக்குமாம். உள்ளே போய் வரட்டுமா என்று யோசித்தேன், போகவில்லை. கப்பலுக்குத் திரும்பி, தீவு இருக்கும் திசையில் டெக்கில் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கிருந்து தீவு தெரியாது.

ஜூன் 11, இரவு 10.10

வாஷிங்டனில் இருக்கும் ஒரு வாசகர், வியட்நாம் நினைவுச் சுவரில் அவர்களின் பெயர் எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறார். நடு மடிப்புக்குப் போங்கள். அங்கே இரண்டு பலகைகள் சந்திக்கும். கிழக்குப் பக்கப் பலகையின் மேலே 1959இன் பெயர்கள் தொடங்கும், மேற்குப் பக்கப் பலகையின் அடியில் 1975இன் பெயர்கள் முடியும். ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களில் கடைசி வரிகள் கோ டாங்கினுடையவை. குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். கடைசிப் பெயர் வாண்டே கீர்.

ஒரே நாளில் இறந்தவர்களை ஆங்கில அகரவரிசையில் செதுக்கியிருக்கிறார்கள். அதனால் ஹாலும் ஹார்க்ரோவும் அடுத்தடுத்து இருப்பார்கள். மார்ஷல் கொஞ்சம் தள்ளி வருவார், இடையில் லோனியின் பெயர் இருக்கும். நீங்கள் போகும்போது மூன்று பெயரையும் தொட்டு எண்ணிவிட்டு வாருங்கள்.